பத்துமலைக்குச் செல்வோர் தங்குவது எங்கே?

சென்ற சில வாரங்களில் இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஐந்தாறு, ஒரே பொருளைப் பற்றியவை. மகனோ மகளோ பேரனோ பயணச்சீட்டு வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள். கோலாலம்பூர் சென்று பத்துமலை முருகனையும், அங்கிருந்து சிங்கப்பூர் சென்று டேங்க் ரோடு தண்டாயுதபாணியையும் தரிசித்து வர ஆசை. தங்குவதற்கு ஓட்டலை விட அடுக்கக வீடு ஒன்றை நாள் வாடகைக்கு எடுப்பது மலிவு என்கிறார்கள். அது சரியா, எப்படித் தேடுவது, முன்பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கியில் பிறர் பணத்துக்குக் கணக்குச் சொல்லிப் பழகியவன் ஆதலால், இவ்வினா அடியேனுக்கு உவப்பானதே.

யாத்திரைக்குப் போகிறவர் தங்குமிடத்தை முதலில் உறுதி செய்துகொள்வது நம் முன்னோர் வழக்கம். காசிக்குப் புறப்பட்டவர் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்துக்கு முன்கூட்டிக் கடிதம் எழுதினார். கடல் கடந்து சென்ற நகரத்தாருக்கும் இதே கவலை இருந்தது. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் அவர்கள் அமைத்துக்கொண்ட கிட்டங்கிகளைப் பற்றிப் படித்தவர்கள் அறிவார்கள்: கீழே நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியும் கணக்கு மேசையுமாக வட்டித் தொழில்; மேலே பாய் விரித்து உறக்கம்; உணவும் அங்கேயே. அந்தக் கிட்டங்கிகள் இடிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆயின. அவர்கள் 1859ஆம் ஆண்டில் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் மட்டும் இன்றும் டேங்க் ரோட்டில் விளங்குகிறது. தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோடு ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் காவடிகள் இங்கேதான் வந்து சேர்கின்றன. ஒரு வங்கிக்காரன் என்ற முறையில், அந்தக் கிட்டங்கிகளுள் ஒன்றையாவது அப்படியே காத்திருக்கலாகாதா என்று எனக்கு ஓர் ஏக்கம் உண்டு. அது வேறு கதை.

சத்திரமும் கிட்டங்கியும் தந்தவை இரண்டு: நம் ஆசாரப்படி உணவு, நம்மவர் துணை. அடுக்கக வீட்டை இன்று மூத்தவர்கள் விரும்புவதற்கும் காரணம் ஏறக்குறைய இதுவே. ஆறு பேர் கொண்ட குடும்பம் ஓட்டலில் மூன்று அறை எடுக்க வேண்டும்; வீடாக எடுத்தால் ஒரே கூரை. காலையில் எழுந்ததும் நம் கையால் ஒரு காபி. கிருத்திகை விரதம் இருப்பவருக்கு வெங்காயம் பூண்டு இல்லாமல் ஒரு சாதம். இன்சுலினை வைக்கக் குளிர்பதனப் பெட்டி. நள்ளிரவில் பாட்டிக்கு ஏதேனும் என்றால் அடுத்த அறையில் மகன். ஆகவே ஆசை நியாயமானது. ஆனால் இரு நகரங்களுக்கும் விதி ஒன்றல்ல என்பதைப் பலர் அறியாமல் பணம் கட்டிவிடுகிறார்கள்.

சிங்கப்பூரை முதலில் எடுத்துக்கொள்வோம். அந்நாட்டில் தனியார் குடியிருப்பு வீடு எதையும் தொடர்ந்து மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுதல் சட்டப்படி குற்றம். முன்பு ஆறு மாதம் என்றிருந்ததை 2017இல் மூன்று மாதமாகக் குறைத்தார்கள். நகர மறுசீரமைப்பு ஆணையம் என்ற அரசு நிறுவனம் இதைக் கண்காணிக்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளுக்கு, அதாவது அங்குள்ள மக்களில் பெரும்பான்மையோர் வசிக்கும் அடுக்ககங்களுக்கு, குறைந்த அளவு ஆறு மாதம். 2018ஆம் ஆண்டில் இவ்விதியை மீறி வீடுகளை நாள் வாடகைக்கு விட்ட இருவருக்குத் தலா 60,000 சிங்கப்பூர் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. எனவே நான்கு நாள் தங்குவதற்குச் சிராங்கூன் ரோடு அருகே அழகிய அடுக்கக வீடு என்று கைப்பேசியில் படம் வந்தால், அந்தப் படம் எவ்வளவு அழகாயினும், அது அந்நாட்டுச் சட்டம் ஒப்பாத வீடு.

சேவை அடுக்ககம் என்று அரசு அனுமதியோடு நடைபெறும் இடங்கள் அங்கே உண்டு. சமையலறையோடு கூடியவை. ஆனால் அவற்றுக்கும் குறைந்தது ஏழு நாள் என்ற வரையறை உண்டு. ஏழு நாளோ அதற்கு மேலோ சிங்கப்பூரில் தங்கப் போகிறவர்கள் இவற்றை நாடலாம். மூன்று நான்கு நாள் போகிறவர்களுக்கு உரிமம் பெற்ற ஓட்டலே வழி. லிட்டில் இந்தியா பகுதியில் சிறு ஓட்டல்கள் பல உள்ளன. வீரமாகாளியம்மன் கோயிலும் பெருமாள் கோயிலும் நடக்கும் தூரம். சைவ உணவகங்கள் தெருவுக்கு இரண்டு. ஆகவே சமையலறை இல்லாத குறை அங்கே பெரிதாகத் தெரியாது.

இதை இத்தனை விரித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஆர்.கே.பேட்டையில் தறித் தொழில் செய்து ஓய்ந்த ஓர் அன்பரும் அவர் மனைவியாரும், பேத்தியின் உடல்நலம் தேறியதற்காக முருகனிடம் நேர்ந்துகொண்ட நேர்த்தியைச் செலுத்தச் சென்ற ஆண்டு புறப்பட்டார்கள். சிங்கப்பூரில் நான்கு இரவுக்கு ஒரு வீட்டை உறவினர் பையன் ஒருவன் ஏதோ ஒரு முகநூல் விளம்பரத்தில் பார்த்துப் பிடித்துக் கொடுத்தான். முழுத் தொகையும் முன்னதாக வங்கி வழியே அனுப்ப வேண்டும் என்றார் வீட்டுக்காரர், அனுப்பினார்கள். பிறகு ஒரு செய்தி வந்தது: வாயிற் காவலர் கேட்டால் வாடகைக்கு வந்தோம் என்று சொல்லாதீர்கள், உரிமையாளரின் அத்தை மாமா என்று சொல்லுங்கள்.

அந்த அம்மையார் அச்செய்தியை எடுத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். "அண்ணா, சாமி கும்பிடப் போகிற ஊரில் வாசற்படியிலேயே பொய் சொல்லிவிட்டு நுழையவேண்டுமா?" என்று கேட்டார். சட்டம் தெரியாது அவருக்கு; ஆணையத்தின் பெயரும் தெரியாது. ஆனால் எங்கே பிசகு இருக்கிறது என்பதைப் படித்த பையனை விட அவர் விரைவில் கண்டுகொண்டார். அவ்வீட்டுக்குப் போக வேண்டாம், சிறு ஓட்டல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது அந்த எண் மௌனமாகிவிட்டது. மூன்று மாதத் தறிக் கூலிக்கு ஈடான தொகை அது. அவர் கணவர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. யாத்திரையை நிறுத்திவிடலாம் என்று கூடச் சொன்னார். அம்மையார் விடவில்லை. காதிலிருந்த தோட்டை அடகு வைத்து ஓட்டலுக்குப் பணம் கட்டிப் போய் வந்தார்கள்.

இங்கே ஒரு வங்கி நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஒருவர் தம் கணக்கிலிருந்து தாமே விரும்பி இன்னொருவர் கணக்குக்கு அனுப்பிய பணத்தை, வங்கி தன்னிச்சையாகத் திரும்ப எடுத்துவர இயலாது. பெற்றவர் ஒப்ப வேண்டும், அல்லது காவல்துறையோ நீதிமன்றமோ தலையிட வேண்டும். மோசடி என்று தெரிந்த அதே மணி நேரத்தில் 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்குச் சொன்னால், பணம் உள்நாட்டுக் கணக்கில் நிற்கும் வரையில் முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு; வெளிநாட்டுக்குப் போய்விட்டால் அரிது. மாறாகக் கடன் அட்டையிலோ பற்று அட்டையிலோ செலுத்தியிருந்து, சொன்ன இடம் தரப்படவில்லை என்றால், அட்டை கொடுத்த வங்கியிடம் எழுத்து மூலம் முறையிடலாம். அட்டை நிறுவனத்தின் விதிப்படி விசாரித்துத் தொகையைத் திரும்ப வரவு வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. எல்லா வழக்கிலும் வெற்றி கிட்டும் என்று சொல்ல மாட்டேன். கதவாவது திறந்திருக்கிறது.

இதனாலேயே, ஏர்பிஎன்பி போன்ற நிறுவனங்களின் வழியே வீடு எடுப்பவர்கள் பணத்தையும் பேச்சையும் அந்த நிறுவனத்தின் செயலிக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். நாம் கட்டும் பணத்தை அந்நிறுவனம் தன்னிடம் வைத்திருந்து, நாம் வீட்டுக்குள் நுழைந்து ஏறக்குறைய ஒரு நாள் ஆன பிறகே வீட்டுக்காரருக்கு விடுவிக்கிறது. ஏற்றுமதி வணிகத்தில் கடனுறுதிக் கடிதம் என்று ஒன்று உண்டு. சரக்கு ஏறிய ஆவணம் கண்ட பின்பே வங்கி பணம் தரும். ஏறத்தாழ அதே தத்துவம். செயலிக்கு வெளியே அனுப்பினால் பத்து விழுக்காடு தள்ளுபடி தருகிறேன் என்று வீட்டுக்காரர் எழுதினால், அந்தப் பத்து விழுக்காட்டுக்கு நாம் கொடுக்கும் விலை நம்முடைய முழுப் பாதுகாப்பு. அவ்வாறு எழுதுகிறவரிடம் மேற்கொண்டு பேச்சை வளர்க்கவே வேண்டாம்.

இனிக் கோலாலம்பூர். அங்கே நாள் வாடகைக்கு அடுக்கக வீடு எடுப்பது பொதுவழக்கமாக இருக்கிறது. கடைத்தெருவை விட இவ்வகை வீடுகள் மலிந்த ஊர் அது. என்றாலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. மோண்ட் கியாரா பகுதி அடுக்ககம் ஒன்றைப் பற்றிய வழக்கில், 2020ஆம் ஆண்டில் மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. அடுக்ககத்தின் நிர்வாக அமைப்பு விரும்பினால் தன் கட்டடத்தில் குறுகிய கால வாடகையைத் தடை செய்யலாம் என்பது அதன் சாரம். ஆகவே ஒரே தெருவில் ஒரு கட்டடம் அனுமதிக்கும், எதிர்க் கட்டடம் அனுமதிக்காது. பணம் கட்டுவதற்கு முன் வீட்டுக்காரருக்கு எழுத்தில் ஒரு கேள்வி அனுப்புங்கள்: உங்கள் கட்டட நிர்வாகம் குறுகிய கால விருந்தினரை அனுமதிக்கிறதா, வாயிலில் எங்கள் பெயரைப் பதிவு செய்வீர்களா? நேர்மையான வீட்டுக்காரர் உடனே ஆம் என்பார்; பலர் கடவுச்சீட்டின் நகலைக் கேட்டு வாயிலில் பதிவும் செய்துவிடுவார்கள். சுற்றி வளைத்துப் பதில் வந்தால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.

எந்தப் பகுதியில் தேடுவது? தரிசனத்தை நோக்கமாகக் கொண்டவர்களுக்கு என் கருத்தில் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியே உகந்தது. கோலாலம்பூர் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டியது. விமான நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் ஏறினால் முதல் முனையத்திலிருந்து 28 நிமிடத்தில் இந்த நிலையத்தில் இறங்கலாம். பத்துமலைக்குச் செல்லும் கொம்யூட்டர் ரயிலும் இங்கிருந்தே கிடைக்கும். சுமார் அரை மணிப் பயணம், இறங்கினால் மலையடிவாரம். பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கட்டும் கடை, வாழையிலைச் சாப்பாடு, தேங்காய் பழம் எல்லாம் உண்டு. இலங்கைத் தமிழர் எழுப்பிய ஸ்ரீ கந்தசுவாமி கோயில் அப்பகுதியிலேயே இருக்கிறது. தம்புசாமி பிள்ளை 1873இல் நிறுவிய மகாமாரியம்மன் கோயிலுக்கு ரயிலில் ஒரே ஒரு நிலையம். தைப்பூசத்துக்கு முன் வெள்ளி ரதம் புறப்படுவது அந்தக் கோயிலிலிருந்துதான். நகரின் நடுவே இரட்டைக் கோபுரம் தெரியும் வீடு, நீச்சல் குளத்தோடு கூடிய வீடு என்று பேரப்பிள்ளைகள் ஆசை காட்டுவார்கள். எழுபது வயதில் நமக்கு நீச்சல் குளம் எதற்கு?

வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் என்று காட்டுவதை நம்பி எடுத்துவிடக் கூடாது. அந்த ஒரு கிலோமீட்டரில் ஒரு மேம்பாலப் படிக்கட்டு இருக்கலாம். எட்டு வழிச் சாலை குறுக்கே இருக்கலாம். கைப்பேசி வரைபடத்தில் தெருவின் நிழற்படத்தைப் பார்க்கும் வசதி உண்டு. பேரனை விட்டு நிலையத்திலிருந்து அந்த வீட்டு வாசல் வரை படத்திலேயே ஒரு முறை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். நம் திருத்தணியில் 365 படி. முடியாதவர்க்கு மேலே வரை வண்டிப் பாதை உண்டு. பத்துமலையில் 272 படிதான், ஆனால் குகைக் கோயிலுக்கு வண்டி ஏறாது. 42.7 மீட்டர் உயரமுள்ள முருகன் திருவுருவம், 2006ஆம் ஆண்டு எழுப்பப்பட்டது, அடிவாரத்திலேயே நின்று அருள்பாலிக்கிறது. ஏற இயலாதவர்கள் அங்கிருந்தே வணங்கலாம். ஏறுகிறவர்கள் வெயில் ஏறுவதற்கு முன், குரங்குகள் பையைப் பறிக்காதபடி பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். அப்படியானால் காலில் மிச்சமிருக்கும் வலுவை அந்தப் படிகளுக்காகச் சேமித்துவைக்க வேண்டாமா? தங்குமிடத்துக்கு மின்தூக்கி உண்டா, குளியலறைக்குள் நுழைய உயரமான தொட்டியைத் தாண்ட வேண்டுமா, இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாமல் பணம் கட்டக் கூடாது. தொட்டிக்குள் நின்று குளிக்கும் அமைப்பைப் படத்தில் பார்த்தால் மூட்டுவலிக்காரர்கள் ஒதுங்குவதே நலம்.

முன்பு தங்கியவர்கள் எழுதியுள்ள கருத்துகளைப் படிப்பதிலும் ஒரு முறை உண்டு. கடன் விண்ணப்பத்தோடு வரும் நற்சான்றிதழ்களை நாங்கள் மேலோட்டமாகத்தான் பார்ப்போம். தவணை தவறிய மாதங்களைத்தான் ஊன்றிப் பார்ப்போம். அதைப் போல ஐந்து நட்சத்திரப் புகழுரைகளை விட்டுவிட்டு, மூன்று நட்சத்திரமும் அதற்குக் கீழும் கொடுத்தவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். கடந்த ஆறு மாதத்துக்குள் எழுதியதாக இருக்கட்டும். மின்தூக்கிக்கு நெடுநேரம் காத்திருந்தோம், இரவெல்லாம் கீழ்த்தளத்தில் பாட்டுச் சத்தம், தண்ணீர் சூடாகவில்லை என்று இரண்டு பேருக்கு மேல் எழுதியிருந்தால் அது உண்மை. திரைச்சீலை நிறம் பிடிக்கவில்லை என்பதெல்லாம் நமக்கு வேண்டாத குறை. ஒரு கருத்து கூட இல்லாத புது வீடு, சந்தையில் உள்ள விலையில் பாதிக்குக் கிடைக்கிறது என்றால், நம் குடும்பம் அங்கே முதல் சோதனையாக இருக்க வேண்டியதில்லை.

விலையைப் பார்க்கும்போது ஓர் இரவுக்கு இவ்வளவு என்ற எண்ணை மறந்துவிடுங்கள். மொத்தத் தொகையைப் பார்த்து இரவுகளால் வகுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, இரவுக்கு 4,000 ரூபாய், துப்புரவுக் கட்டணம் ஒரு முறைக்கு 3,000 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இரவு தங்கினால் மொத்தம் 11,000. இரவுக்கு 5,500 ஆகிறது. ஆறு இரவு தங்கினால் 27,000, இரவுக்கு 4,500தான். எனவே இரண்டு இரவுக்கு ஓட்டலும் ஆறு இரவுக்கு வீடும் இலாபமாக அமைவது இயல்பு. இதற்கு மேல் மலேசியாவில் வெளிநாட்டுப் பயணிக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. அது மொத்தத்தில் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திரும்பப் பெற இயலாத மலிவு விலை, ரத்து செய்தால் திரும்பத் தரும் சற்றே கூடிய விலை என இரண்டு காட்டினால், நம் வயதினர் இரண்டாவதையே எடுக்க வேண்டும். நமக்கு இரத்த அழுத்தம் எந்த வாரத்தில் ஏறும் என்று யார் அறிவார்? பயணக் காப்பீடு எடுப்பவர்கள் சர்க்கரை, இதயச் சிகிச்சை முதலியவற்றை மறைக்காமல் எழுதிக் கொடுப்பதும் அவசியம். மறைத்தால் கோரிக்கை வரும்போது அதுவே தடையாகும்.

அட்டையைப் பற்றி இரண்டு சொல். ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி 2020 அக்டோபர் முதல், புதிதாக வழங்கும் அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே வங்கிச் செயலியில் திறக்க வேண்டும். திறக்கும்போது உச்சவரம்பையும் நம் தேவையளவுக்கு வைத்துக்கொள்ளலாம். திரும்பி வந்ததும் மூடிவிடலாம். வெளிநாட்டு இணையதளங்கள் சில, நமக்குப் பழகிய ஒரு முறைக் கடவுச்சொல்லைக் கேளாமலே பணம் எடுத்துவிடும். ஆதலால் அந்த வரம்பு ஒரு வேலி. அங்கே கடையிலோ ஓட்டலிலோ அட்டையைத் தேய்க்கும்போது, ரூபாயில் செலுத்துகிறீர்களா, ரிங்கிட்டில் செலுத்துகிறீர்களா என்று இயந்திரம் கேட்கும். ரூபாய் என்றதும் நம்மவர்க்கு ஒரு பாசம் வந்துவிடுகிறது. ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தை அந்தக் கடையின் தரப்பு நிர்ணயிக்கும்; பெரும்பாலும் நமக்கு நட்டம். ரிங்கிட்டையே தேர்ந்தெடுங்கள்.

பயண நிறுவனம் மூலம் விமானச் சீட்டும் தங்குமிடமும் சேர்ந்த தொகுப்பாக வாங்கினால், வருமான வரிச் சட்டப்படி ஒரு தொகையை முன்கூட்டிப் பிடித்துக்கொள்வார்கள். விமானச் சீட்டை மட்டுமோ, தங்குமிடத்தை மட்டுமோ தனியே வாங்கினால் அது தொகுப்பு ஆகாது என்று 2023இல் நேரடி வரிகள் வாரியம் விளக்கியிருக்கிறது. பிடித்த தொகையும் போய்விடுவதில்லை. வருமானக் கணக்குத் தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம், வரி இல்லாதவர் திரும்பப் பெறலாம். அந்தச் சான்றிதழைப் பத்திரமாகக் கேட்டு வாங்க வேண்டும் என்பதே செய்தி.

நாட்டுக்குள் நுழையும் படிவங்களிலும் தங்குமிடத்தின் முகவரி கேட்பார்கள். மலேசியாவுக்கு 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர் 30 நாள் வரை விசா இல்லாமல் செல்லலாம். இது காலவரையறையுள்ள சலுகை, சீட்டு வாங்குமுன் அது நடைமுறையில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூருக்கு விசா வேண்டும். இரு நாடுகளுக்கும் வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மின்னணு வருகை அட்டையை நிரப்ப வேண்டும், இரண்டும் கட்டணமில்லாதவை. பணம் கேட்கும் இணையதளம் அரசினுடையது அன்று. மேலே சொன்ன அம்மையாரின் கேள்விக்கு இங்கேயும் ஒரு விடை இருக்கிறது: சிங்கப்பூர் அரசின் படிவத்தில், அந்த அரசே விலக்கிய வீட்டின் முகவரியை நம் கையால் எழுதிக் கொடுக்க வேண்டி வரும்.

சமையலுக்கு வருவோம். வீட்டில் சமையலறை இருக்கிறது என்பதும் சமைக்கலாம் என்பதும் ஒன்றல்ல. சில வீடுகளில் வெந்நீர் வைக்கவும் நூடுல்ஸ் கிளறவும் மட்டும் அனுமதி, தாளித்தால் அபராதம். அடுப்பு உண்டா, அன்றாடச் சமையல் செய்யலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாத்திரங்களில் முன்பு தங்கியவர் எதைச் சமைத்தாரோ தெரியாது. ஆசாரம் பார்ப்பவர்கள் ஒரு சிறு குக்கர், ஒரு வாணலி, இரண்டு கரண்டி கொண்டுபோனால் மன அமைதி. மின்சாரம் நம்முடையதைப் போன்றதுதான். செருகு மட்டும் மூன்று தட்டை முனை கொண்ட பிரிட்டிஷ் வகை. நம் காபி வடிகட்டிக்கு மின்சாரம் வேண்டாம். மின்குக்கருக்கு ஒரு மாற்றுச் செருகு வேண்டும், இங்கேயே மலிவாகக் கிடைக்கும்.

அதிகாலையில் விளக்கேற்றிச் சாம்பிராணி போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அறையின் கூரையில் வட்டமாக ஒன்று பொருத்தியிருக்கும். புகை பட்டால் அலறும். கட்டடம் முழுவதும் எழுந்து கீழே ஓடி வரும். கற்பூரமும் சாம்பிராணியும் கோயிலிலேயே ஆகட்டும். அறையில் சிறிய மின்விளக்கும் மலரும் போதும், முருகன் ஏற்றுக்கொள்வான்.

சிங்கப்பூர் செல்லும் மூட்டையில் கசகசா இருக்கவே கூடாது. குருமாப் பொடியில் அரைத்துக் கலந்திருந்தாலும் எடுத்துவிடுங்கள். நம் ஊர் மளிகைக் கடையில் விற்கும் அந்தப் பொருள் அங்கே போதைப்பொருள் தடுப்புப் பிரிவு தடை செய்துள்ள பட்டியலில் இருக்கிறது. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உள்ள பெரியவர்கள் புகையிலையை இங்கேயே விட்டுச் செல்ல வேண்டும். மெல்லும் புகையிலையும் அங்கே தடை. விபூதி குங்குமப் பிரசாதத்துக்குத் தடை ஏதும் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்தால் ஆந்திரம் வந்துவிடும், யாரும் மூட்டையைப் பிரிப்பதில்லை. திருத்தணியே 1960இல்தானே அங்கிருந்து தமிழகத்தோடு சேர்ந்தது! அந்தப் பழக்கத்தில் கடல் தாண்டும் எல்லையையும் எண்ணிவிடக் கூடாது.

சென்னையிலிருந்து இரவில் புறப்படும் விமானம் விடியலில் இறக்கிவிடும். அந்த ஊர்க் கடிகாரம் நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடும். வீடோ பிற்பகல் மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். ஏழு எட்டு மணி நேரம் பெட்டிகளோடு நடைபாதையில் உட்கார்ந்திருக்கும் முதியவர்களைப் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் கண்டிருக்கிறேன், பரிதாபமாக இருந்தது. முதல் நாளுக்கு முன்கூட்டியே நுழைய முடியுமா என்று கேட்டு வையுங்கள். சிறு தொகை கேட்டாலும் கொடுக்கலாம். முடியாதென்றால் பெட்டிகளை நிலையத்தின் காப்பறையில் வைத்துவிட்டு நேரே கந்தசுவாமி கோயிலுக்குப் போய்விடலாம்.

சாவியை நேரில் தர யாரும் நிற்க மாட்டார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வாசலில் எண் பூட்டிட்ட சிறு பெட்டி ஒன்றில் சாவி இருக்கும். எண் கைப்பேசிச் செய்தியில் வரும். கைப்பேசிக்கு அந்நாட்டு இணைப்பு இல்லையானால் எண்ணும் வராது. எனவே வீட்டுக்காரரின் தொலைபேசி எண், கட்டடத்தின் பெயர், மாடி, கதவு எண், பெட்டியைத் திறக்கும் எண் ஆகியவற்றை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, ஒரு படியைத் தாத்தாவின் சட்டைப்பையிலும் ஒரு படியைப் பாட்டியின் கைப்பையிலும் வைத்துவிடுங்கள். தைப்பூசத்தை ஒட்டிச் செல்ல எண்ணுகிறவர்கள் ஆடிக் கிருத்திகை முடிந்ததுமே இடம் பார்க்கத் தொடங்க வேண்டும். 1892 முதல் நடந்துவரும் அந்த விழாவுக்குப் பத்துமலையில் இலட்சக்கணக்கில் கூடுகிறார்கள், மார்கழியில் தேடினால் மிஞ்சுவது ரயிலுக்கு எட்டாத இடங்களே.